ஆள்காட்டி எதற்கெடுத்தாலும் கத்துவது ஏன்?

ஆள்காட்டிப் பறவை பிற உயிர்களின் நலனுக்காகவே கத்துகிறது என்று படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். இவ்வளவு பெரிய பிழையை இன்னும் ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. அது கத்துவது ஒரு தண்டனை.

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தபோது, ஏரிக்காட்டை ஒரு யானை ஆண்டது. காலையில் அரசர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவரிடம் சொல்லப்படும் செய்தி எதுவோ, அதைத்தான் சபை அன்று முதலில் பேசும். மற்றவை மறுநாளைக்குப் போகும். போனவை பெரும்பாலும் திரும்புவதில்லை.

செம்மூக்கி என்ற ஆள்காட்டி, வடகரையின் வெறுந்தரையில் நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். எருமைகள் தண்ணீருக்கு இறங்கும் வழியும் அதுதான். போன ஆண்டு நான்கும் மிதிபட்டுக் கூழாகிவிட்டன.

"என் முட்டைகளைக் காப்பாற்றுங்கள் அரசே" என்று ஏழு நாள் முறையிட்டாள்.

"பார்க்கலாம் அம்மா" என்றார் அரசர், ஏழு நாளும்.

எட்டாம் நாள் செம்மூக்கி தன் இனத்தைக் கூட்டினாள். "நம் முட்டைக்காக யாரும் தூக்கம் கெடப்போவதில்லை. அவரவர் உயிரைப் பற்றிச் சொன்னால் கெடும். கரையில் யார் தடம் எங்கே என்று நம்மைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"பொய் சொல்லணுமா அக்கா?" என்றாள் தங்கை.

"சேச்சே! உண்மைதான். கொஞ்சமாக."

மறுநாள் அரசர் துதிக்கையை நீரில் வைத்ததும், பன்னிரண்டு ஆள்காட்டிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து ஒரே செய்தியைச் சொன்னார்கள்: "வடகரையில் மூன்று முதலைத் தடம், அரசே!"

சபையில் வேறு பேச்சே எழவில்லை. எருமைகள் இனித் தென்கரைக்குத்தான் போகவேண்டும் என்று முடிவாயிற்று.

"தென்கரையில் முதலை இல்லையா?" என்றார் எருமைத் தலைவர்.

"அங்கிருந்து செய்தி எதுவும் வரவில்லையே" என்றார் அரசர்.

தென்கரையில் ஐந்து தடங்கள் இருந்தன. மூன்றாம் நாள் எருமைத் தலைவர் வால் நுனி இல்லாமல் சபைக்கு வந்தார்.

"ஏம்மா, தென்கரை சங்கதி உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று செம்மூக்கியைக் கேட்டார்.

"தெரியும் அண்ணே. யாரும் கேட்கவில்லையே."

எருமைத் தலைவர் அரசர் பக்கம் திரும்பினார். செம்மூக்கிக்கு முட்டைகளின் நினைவு வந்தது. வடகரையை மறுபடி திறந்துவிட்டால்?

"எருமைகள் ஓடைக்குப் போகட்டும்" என்றார் அரசர். "நீங்கள் இனிக் கேட்காமலேயே சொல்லுங்கள். கண்ணில் பட்டது எதையும் விடாமல், பட்ட அந்தக் கணமே, எல்லாரிடமும்."

"அவ்வளவுதானே அரசே!" என்று செம்மூக்கி பறந்தாள். அந்த வாரமே நான்கு முட்டைகளும் பொரிந்தன.

அன்று முதல்தான் ஆள் வந்தாலும், ஆடு வந்தாலும், சருகு உருண்டாலும் ஆள்காட்டி கத்துகிறது. யானை காதை ஆட்டத் தொடங்கியதும் அந்த வாரம்தான்.