வயிறு பெருத்த அங்கி

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைப் பிடுங்காதீர்கள், கடலோரமாய் ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே மாதா கோயில்களுக்கெல்லாம் தலைவர் மேற்றிராணியார். வலையில் விழும் நல்ல மீன் முதலில் அவர் மாளிகைக்குப் போக வேண்டும். மிச்சம்தான் பரதவர் வீட்டுக்கு. ராஜாவே அவரைக் கண்டால் எழுந்து நிற்பார் என்றால் பாருங்களேன்!

அரண்மனை விகடன் சந்தியாகு. ராஜாவின் ஓலைகளை எழுதும் ராயசம் ஞானாதிக்கத்துக்கு அவனைக் கண்டாலே வயிறு எரியும். ஞானாதிக்கம் மாதக்கணக்காய் எழுதிய நாடகத்தில் ராஜா குறட்டை விட்டார்; சந்தியாகு தும்மினாலோ விழுந்து விழுந்து சிரித்தார். பொறுக்குமா மனுஷனுக்கு?

திருவிழாவுக்குப் புதுக்கூத்து வேண்டும் என்று ராஜா ஆசைப்பட்டார். ஞானாதிக்கம் முந்திக்கொண்டார்.

"மன்னா, மேற்றிராணியாரைப் பற்றிச் சந்தியாகு கூத்துப் போடட்டும். ஆனால் அவர் வேஷத்தை எவனும் கட்டக் கூடாது, பெயரையும் சொல்லக் கூடாது. பார்ப்பவர்களுக்கோ அவர்தான் என்று தெரிய வேண்டும்."

"பேஷ்! தெரியாவிட்டால்?"

"குடும்பத்தோடு நாட்டைவிட்டுத் துரத்துங்கள்."

ராஜா தலையாட்டிவிட்டார். சந்தியாகுவின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அவன் பதறிப்போனாலும் கும்பிட்டுவிட்டுப் போனான்.

திருவிழாவன்று மேற்றிராணியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஊதா அங்கி. உள்ளே ஆளே இல்லை. கூத்தாடிகள் வந்து மண்டியிட்டு, அதன் காலிக் கையை முத்தமிட்டு, அங்கிக்குள் மீனைச் செருகினார்கள். பிறகு தேங்காய், அரிசி மூட்டை, உயிரோடு ஒரு கோழி. அங்கியின் வயிறு பெருத்துக்கொண்டே போக, ஜனம் சிரித்தது.

கடைசியில் மீன்காரி வேஷத்தில் ஒருவன் வந்தான்.

"சாமி, புள்ள பட்டினி கெடக்கு. ஒரு மீனாச்சும் திருப்பித் தாங்க சாமி!"

அங்கியின் கை அசையவில்லை. கூட்டத்தில் சில பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். மேற்றிராணியார் வாயைத் திறந்தால் தன்னையே காட்டிக்கொடுத்ததாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இது யார், சந்தியாகு?" என்றார் ராஜா.

"வெறும் அங்கி, மன்னா."

அது அவர்தான் என்று வாய்விட்டுச் சொல்ல எவனுக்கும் துணிச்சல் இல்லை; ஞானாதிக்கம் அப்போது சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் நாடு கடத்தினால் மட்டும் அவர் வயிற்றெரிச்சல் அடங்குமா? துள்ளி எழுந்தார்.

"பொய், மன்னா! மேற்றிராணியாரையே அவமதிக்கிறான். இவனைக் கழுவில் ஏற்றுங்கள்! அந்த வயிற்றைப் பாருங்கள், சாட்சாத் அவரேதான்!"

சந்தியாகு கைகூப்பினான். "ராயசத்துக்கே தெரிந்துவிட்டது, மன்னா."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி சந்தியாகுவுக்குப் போட்டார்; அங்கிக்குள் இருந்ததையெல்லாம் பரதவருக்கே கொடுக்கச் சொன்னார்.

மேற்றிராணியார் மெல்ல எழுந்தார். சந்தியாகுவை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே ஞானாதிக்கத்தின் முன்னால் போய் நின்றார்.

"எந்த வயிற்றைப் பார்க்கச் சொன்னீர், ராயசம்?"