மஞ்சள் பெயின்டில் எழுதிய முகவரி

ஊர்ப் பம்ப் மோட்டார்களை இயக்கும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. எந்த எச்சரிக்கை எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இணையத்தில் விளக்கம் எழுதி வைத்தவள் மெஹருன்னிசா. அவளிடம் வேலை கற்க வந்தவள் தமயந்தி.

தமயந்திக்கு ஒழுங்கு முக்கியம். ஒரே வாரத்தில் எல்லாப் பக்கங்களையும் அடுக்கி, புதுப்புது இணைய முகவரிகள் கொடுத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"பழைய முகவரிக்கு வர்றவங்களைப் புதுசுக்குத் திருப்பி விட்டுடு" என்றாள் மெஹருன்னிசா.

"சரிக்கா" என்றாள் தமயந்தி. செய்யவில்லை. குப்பையை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நினைத்தாள்.

அடுத்த மாதம் மெஹருன்னிசா கேட்டபோது, தமயந்தி திருப்பிக் கேட்டாள்.

"பழைய முகவரி யாருக்குக்கா வேணும்?"

அன்று காலைதான் மெஹருன்னிசாவுக்கு ஓர் ஊரிலிருந்து போன் வந்திருந்தது. "கிளம்பு" என்றாள்.

பஸ் பிடித்துப் போய் இறங்கிய ஊரில், குழாயடியில் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. மோட்டார் அறை வாசலில் ஆபரேட்டர் இருளப்பன் சாவியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கருகிய வாடை அடித்தது. சுவரில், மஞ்சள் பெயின்டில், கோணல்மாணலாக ஒரு முகவரி. தான் மாற்றிய பழைய முகவரிகளில் ஒன்று அது என்று தமயந்திக்குத் தெரிந்தது.

"நான்தாம்மா எழுதுனேன்" என்றார் இருளப்பன். "பேப்பர்ல எழுதுனா எலி தின்னுருது. எந்த நம்பர் வந்தாலும் போன்ல இதை அடிச்சுப் பாத்துதான் செய்வேன். போன வாரம் ஏழாம் நம்பர் வந்துச்சு. அடிச்சேன், பக்கமே இல்லைன்னு வந்துச்சு. வெளிய தண்ணிக்குச் சத்தம் போடுறாக. மறுபடி போட்டா ஓடிரும்னு சுவிட்சை அமுக்கிட்டேன். மோட்டார் காயில் கருகிப்போச்சு."

"கிணத்துல தண்ணி இறங்கினா வர்ற எண் அது" என்றாள் தமயந்தி மெதுவாக. "ஓட்டவே கூடாதுன்னு போட்டிருக்கும்."

"போட்டிருந்துச்சும்மா. நான் முன்ன ஒருக்கா படிச்சிருக்கேன். எந்த நம்பருக்குன்னு மனசுல நிக்கலை."

"வேலை?"

"வேற ஆளைப் போட்டுட்டாக. இன்னைக்குச் சாவியைக் குடுக்கணும்."

அவர் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தமயந்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெரிந்தும், மூலையில் கிடந்த பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.

"அக்கா, புது முகவரியை நானே எழுதிடறேன்."

"எழுது" என்றாள் மெஹருன்னிசா. "எழுதிட்டு, மத்த சுவரெல்லாம் எந்தெந்த ஊர்ல இருக்குன்னு சொல்லு. அங்கேயும் போவோம்."

தமயந்தி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றாள். இருளப்பன் எழுந்து, சாவியை ஒப்படைக்கப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தார்.