எலி இருந்த இடம்

விளம்பரக் கம்பெனி வேலை என்றால் படம் போடுவது என்று நினைப்போம். பாதி வேலை, பணம் கொடுக்கிறவர் சொல்லும் திருத்தத்தைப் போடுவதுதான். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் டிசைனராக இருந்த இசக்கியைக் கேட்டால் தெரியும். எலிமருந்து முதலாளி வெள்ளியங்கிரி அவன் செய்த எதையும் திருத்தாமல் விட்டதில்லை.

இந்தத் தடவை போஸ்டர் முழுக்க ஒரு கொழுத்த எலி. அதற்கு மேலே முதலாளியின் மனைவி எழுதிக் கொடுத்த வாசகம்: "வீட்டுக்குள் கண்டால் விட்டுவைக்காதீர்!"

"எலியை எவன் பார்ப்பான்? அதை எடுத்துட்டு என் மொகத்தைப் போடு. வாசகத்துல ஒரு எழுத்தைத் தொடக்கூடாது, எங்க அம்மணி எழுதுனது," என்றார் முதலாளி.

"அது சரியா வராதுங்களே," என்று இழுத்தான் இசக்கி.

"நீ எனக்குச் சொல்றியா?" என்று அவர் எகிறினார்.

மேனேஜர் அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "அவர் சொன்னதை அப்படியே செய். நாளைக்கு ஓகே வாங்கலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

அப்படியே செய்தான். மறுநாள் முதலாளி மனைவியோடு வந்து உட்கார்ந்தார். திரையில் போஸ்டர் விரிந்தது. எலி இருந்த இடத்தில் வெள்ளியங்கிரி மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே அந்த வாசகம்.

மேனேஜர் கையிலிருந்த காபி வாய்க்குப் போகாமல் நின்றது.

"என்னடா இது?" என்று கத்தினார் முதலாளி.

"நீங்க சொன்னதுல ஒண்ணையும் விடலைங்க. வேணும்னா அம்மா எழுதுனதை எடுத்துடட்டுங்களா?"

முதலாளி தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எடுக்காதீங்க தம்பி. எனக்கு ரெண்டும் பொருத்தமாத்தான் தெரியுது."

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமினார்.

"பழைய எலியையே போட்டுரு. ஓகே."

ஒரு திருத்தமும் இல்லாமல் அவர் வாயிலிருந்து ஓகே வந்தது அன்றைக்குத்தான்.