ஏட்டையாவின் வயிறு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் அரியநாச்சி அம்மாள் குருவாக இருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் வயதில் மூத்தவர் மந்திரமூர்த்தி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குரு அவரை அண்ணாச்சி என்பார், அவர் குருவை அம்மா என்பார். மற்றவர்களுக்கு அவர் மடத்துக்கு வந்த பிறகும் ஏட்டையாதான்.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மார்கழி மாதம் முழுவதும் சீடர்கள் விடியுமுன் ஓடையில் இறங்கிக் கழுத்தளவு நீரில் உட்கார வேண்டும். சூரியன் தலைகாட்டியதும் மணி அடிப்பார்கள். அதற்கு முன் எழுந்துவிட்டால் அந்த வருஷம் தீட்சை கிடையாது. கரையேறிய பிறகு சாப்பிடுவதும் முந்தின நாள் சோறும் மோரும்தான். காலமாகிவிட்ட பெரிய குரு வைத்த விதி என்பதால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

போன மார்கழியில் மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போனதில் ஏட்டையாவுக்குத் தீட்சை தவறிவிட்டது. இந்த முறை விடுவதில்லை என்று மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினார்.

மாதம் பாதி போவதற்குள் வயிறு மக்கர் செய்தது. ஓடையில் உட்கார்ந்தால் முறுக்கும். மோர்ச்சோறு உள்ளே போனால் உப்பிக்கொள்ளும். பிறகு புதர்ப்பக்கம் ஓட்டம்தான். கேட்டவர்களிடம் மூலிகை பறிக்கப் போனேன் என்றார். கையில் ஓர் இலைகூட இருக்காது.

அம்மா அவரைக் கூப்பிட்டு, குளிர் வயிற்றில் இறங்கியிருக்கிறது, சரியாகும்வரை ஓடைப்பக்கம் போக வேண்டாம் என்றார். மோர் ஆகாது. ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். பசித்தால் உப்புப் போட்டுச் சூடாகக் கஞ்சி. காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கண்டாலோ உடனே கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிட வேண்டும்.

ஏட்டையா எல்லாவற்றையும் விறைப்பாக நின்று கேட்டார்.

"வயிறு என் பேச்சைக் கேக்கணும்மா. அது பேச்சை நான் கேக்க மாட்டேன்."

"கேக்காட்டி?"

"எத்தனையோ கேடியைப் பாத்தவன் நான். இது வெறும் வயிறு."

மறுநாளும் ஓடையில் முதலில் இறங்கியவர் அவர்தான். உதடு நீலம் பாரித்துவிட்டது. வலி வரும்போதெல்லாம் முகம் தண்ணீருக்குள் போய்வந்தது. கரையில் நின்ற அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேரே போய் மணியை அடித்துவிட்டார்.

கிழக்கே வெளிச்சத்தின் சுவடே இல்லை. ஆனாலும் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி சீடர்கள் எழுந்து ஓடினார்கள். கோமதிநாயகம் என்பவர் மட்டும் சொட்டச் சொட்ட வந்து நின்றார். விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் மனிதர்.

"இன்னும் விடியலையேம்மா. பெரிய குரு வச்ச விதி இது."

"மேல போய்ப் பாக்கையில அவரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க போய் அடுப்பை மூட்டுங்க."

ஏட்டையா அசையவில்லை. அது பொய் மணி, நான் எழுந்திருக்க மாட்டேன் என்று தண்ணீரிலிருந்தே சொன்னார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏற்கனவே இரண்டு நாளாக அம்மாவுக்கு இருமல். ஏட்டையா பதறிப்போனார்.

"நீங்க எதுக்கும்மா?"

"நீங்க எந்திரிக்கையில நானும் எந்திரிக்கேன்."

சொல்லி முடிக்குமுன் அம்மாவுக்குப் பல் கிட்டித்தது. இருமல் வந்து நிற்காமல் இருமினார். ஏட்டையா கிழக்கே பார்த்தார். அங்கே இருட்டு அப்படியே இருந்தது. கெஞ்சிப் பார்த்தார், அம்மா காதில் வாங்கவில்லை. கடைசியில், "கரைக்கு வாங்கம்மா, வாங்க" என்று சொல்லிக்கொண்டே தானே எழுந்துவிட்டார்.

அடுக்களையில் ஏட்டையாவை அடுப்போரம் உட்காரவைத்தார்கள். காய்ந்த வேட்டி கொடுத்து, கம்பளி போர்த்தி, சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்தார்கள். ஓமத்தண்ணீர் உள்ளே போகப் போக முறுக்கு விட்டது. ஆனால் மனசு விடவில்லை. அந்த வயதிலும் குலுங்கி அழுதார். கோமதிநாயகம் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மணிக்கு முந்தி எந்திரிச்சிட்டேம்மா. தீட்சை போச்சு. இன்னொரு மார்கழி எனக்கு உண்டோ இல்லையோ."

"எனக்குக் குளிருதுன்னதும் விதியை மீறினீங்கள்லா, அண்ணாச்சி?"

"பாத்துக்கிட்டு இருக்க முடியலைம்மா."

அம்மா தம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"இந்த வயித்துக்காகவும் ஒருக்க மீறுங்க. நாளைக்கு ஓடைக்கு வராம இருந்து காட்டுங்க. தீட்சை தாரேன்."