சாமையின் காவல் முறை

குளத்தங்கரை வேலமரத்தடியில் அன்று காலை கூடியிருந்த தவிட்டுக்குருவிகள் ஏழு: துவரை, கம்பு, வரகு, எள்ளு, கொள்ளு, சாமை, தினை. எதிரே பனைமரத்தில் வல்லூறு ஒன்றும் இருந்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏழில் இளையது தினை. அந்த மழைக்காலத்தில்தான் அதற்கு இறக்கை முளைத்தது. அதற்குப் புழு ஊட்டி வளர்த்தது அக்கா சாமை.

தவிட்டுக்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு குருவிகள் சருகைக் கிளறி இரை தேடும்போது, ஒன்று மட்டும் தின்னாமல் மேல்கிளையில் காவல் இருக்கும். ஆபத்து வந்தால் கத்தும். உடனே மற்றவை புதருக்குள் ஓடிவிடும். காவலை முறைவைத்து மாற்றிக்கொள்ளும்.

அன்று முதல் முறை கொள்ளுவுடையது. அதற்கோ அப்போதுதான் ஒரு கரையான் புற்று அகப்பட்டிருந்தது.

"இதை முடிச்சுட்டு வந்துடுறேன்க்கா. நீ கொஞ்சம் ஏறிக்கோ," என்றது.

சாமை ஏறியது.

வல்லூறு பாய்ந்தது. சாமை சரியாகத்தான் கத்தியது. ஆறும் புதருக்குள் போய்விட்டன. கத்தி முடித்துத் தான் பறந்துபோக அதற்கு நேரம் போதவில்லை.

தினை பனைமரத்தடிக்குப் போய் நின்றது. "அது கொள்ளு அண்ணன் முறை. எங்க அக்காவை ஏன் எடுத்தே?" என்று கேட்டது.

"உங்க முறையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுல பட்டவ அவ," என்றது வல்லூறு.

இந்தப் பதிலால் தினைக்கு மனம் ஆறவில்லை. திரும்பி வந்து கொள்ளுவிடம், "நீ இருக்கே, அக்கா இல்லை. இதுல என்ன நியாயம்?" என்றது.

சாமையின் முறையை இனி யாரும் எடுக்கக் கூடாது, அந்த நேரத்தில் கிளை காலியாகவே இருக்க வேண்டும் என்று தினை பிடிவாதம் பிடித்தது. சின்னதை அழவிட மனமில்லாமல் மற்றவை சரி என்றன.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அதே காலி நேரத்தில் கீரி ஒன்று புல்லுக்குள் பதுங்கி வந்தது. தினை ஒரு புழுவை இழுத்துக்கொண்டிருந்தது.

"தினை, பற!"

கத்திக்கொண்டே ஓடிவந்த கொள்ளு தினையை இடித்துத் தள்ளியது. கீரியின் வாயில் அகப்பட்டது கொள்ளுவின் வால் இறகுகள் மட்டுமே.

எல்லாம் மரத்தில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கின. வாலில்லாத கொள்ளு கிளையில் நிற்க முடியாமல் தள்ளாடியது.

"அன்னைக்கு நான்தான் ஏறியிருக்கணும். இனி என் முறையோட அவ முறையையும் நானே பார்க்கிறேன்," என்றது.

தினை அந்த மொட்டை வாலையே பார்த்தது. கொள்ளு இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால், காலியான முறைகள் இரண்டாகியிருக்கும்.

"வாலில்லாம உச்சியில உட்கார்ந்தா உன்னைக் காத்து தள்ளிடும்ண்ணே. அக்கா முறை எனக்கு," என்று சொல்லிவிட்டு மேல்கிளைக்கு ஏறியது.

அங்கிருந்து கீழே எண்ணியது. ஐந்து. தன்னையும் சேர்த்து மறுபடி எண்ணியது.

ஒருவருக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்று உலகம் பதில் சொல்லாது; ஆனால் போனவர் விட்ட வேலையை நாம் எடுத்துச் செய்தால் மீதி இருப்பவர் பிழைப்பார்கள், அன்று மீதி ஆறு.