மேப்பிள் கரி கேட்ட சண்டை

அந்தக் காலத்தில் மரத்துக்கும் நீருக்கும் தானியத்துக்கும் வாய் இருந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னசி மலைகளுக்கு நடுவே, சுண்ணாம்புப் பாறைக் குகை ஒன்றிலிருந்து ஓர் ஊற்று புறப்பட்டு வந்தது. கடுங்கோடையிலும் அதன் குளிர்ச்சி குறையாது. இரும்புக் கறை அதில் துளியும் கிடையாது. இந்தப் பெருமைகளெல்லாம் ஊற்றுக்கு நன்றாகவே தெரியும்.

ஊற்றின் அருகே கெசியா என்பவளும் அவள் கணவன் அம்ப்ரோசும் குடியிருந்தார்கள். முன்பு மூன்று இடங்களில் வீடு கட்டி, மூன்றிலும் கிணறு வற்றி, நான்காவதாக வந்து சேர்ந்த இடம் அது. "இன்னொரு முறை சட்டிபானையை வண்டியில் ஏற்றச் சொன்னால், வண்டியோடு நீங்கள் மட்டும் போய்க்கொள்ளுங்கள்" என்று கெசியா கணவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

அவர்கள் விஸ்கி காய்ச்சினார்கள். மக்காச்சோளம் பெரும்பங்கு, ரை என்னும் தானியம் கொஞ்சம், முளைவிட்ட பார்லி கொஞ்சம். மூன்றையும் அரைத்து, ஊற்று நீரில் கூழாக்கி, புளிக்கவைத்து, செப்புக் கொப்பரையில் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரச்செய்தால் சாராயம் சொட்டும். பார்வைக்குப் பளிங்கு, தொண்டைக்கு அரம். காரணம், கொப்பரைக்குள் இறங்கியதுமே தானியங்கள் சண்டையைத் தொடங்கிவிடும்.

"முக்கால் பங்கு நான். என் குரல்தான் ஓங்க வேண்டும்!" என்று மக்காச்சோளம் கத்தும்.

"பங்கு கிடக்கட்டும், காரம் யாருடையது?" என்று ரை சீறும்.

"நான் வராவிட்டால் நீங்கள் இருவரும் வெறும் கஞ்சி! காய்ச்சல்காரன்தான் குடிப்பான்" என்று பார்லி எகிறும்.

குடித்தவனுடைய தொண்டையிலும் அந்தச் சண்டை ஓயாது.

ஒருநாள், களஞ்சியத்துக்குக் கூரை ஏற்றித்தர அக்கம்பக்கத்தார் வந்தார்கள். வேலை முடிந்ததும் அம்ப்ரோஸ் ஆளுக்கொரு குவளை ஊற்றினான். முதலில் குடித்தவன் கண்ணில் நீர் முட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இது என்ன தண்ணீரப்பா?" என்று கேட்டுவிட்டான்.

அவ்வளவுதான். அவர்கள் போனதும் ஊற்று பொங்கியது.

"கேட்டாயா, பெண்ணே? உன் கொப்பரை செய்த குற்றத்துக்கு என் பெயரை இழுக்கிறார்கள். மலையில் கடைசி இலை உதிரும்வரை பொறுப்பேன். அதற்குள் என் நீரில் செய்ததை முகம் சுளிக்காமல் ஒருவன் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால், வந்த வழியே பாறைக்குள் போய்விடுவேன்."

கெசியா மலையை நிமிர்ந்து பார்த்தாள். இலையுதிர்வுக்கு அறிகுறியாக மேப்பிள் மரங்கள் அப்போதே சிவக்கத் தொடங்கியிருந்தன.

அம்ப்ரோஸ் சாராயத்தில் தேன் கலந்தான். பிறகு பீச் பழத்தைப் பிழிந்து ஊற்றினான். கெசியா, மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சிய பாகைச் சேர்த்தாள். ஊற்று ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்தது.

"மூவரும் இப்போது இனிப்பாகத் திட்டிக்கொள்கிறார்கள். வேறொரு மாற்றமும் இல்லை" என்று சொல்லிவிட்டது.

அந்த மலைச்சரிவில் முதிய மேப்பிள் மரம் ஒன்று இருந்தது. அணிலும் காக்கையும் அதனிடம்தான் வழக்கைக் கொண்டுபோகும். அது தீர்ப்புச் சொல்லாது. முழுவதையும் கேட்டுக்கொள்ளும், சொன்னவர்கள் மனம் லேசாகித் திரும்பிவிடுவார்கள். வசந்தகாலச் சூறைக்காற்று அதைச் சாய்த்துவிட்டது. குளிர்காலத்து விறகுக்காக அம்ப்ரோஸ் அதைச் சட்டங்களாகப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவைத்திருந்தான். அடுக்கிய பிறகும் மரம் பேசிக்கொண்டுதான் இருந்தது.

கெசியா அதனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ சேர்த்துக்கொண்டே போகிறாய். சண்டையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். கொண்டுவா, நான் கேட்கிறேன்" என்றது மேப்பிள்.

கெசியா ஒரு குடம் சாராயத்தைக் கொண்டுவந்து, ஓர் அகப்பை மொண்டு அதன்மேல் ஊற்றினாள். அது வழிந்து மண்ணில் விழுந்தது.

"என் காதெல்லாம் என் பாலே அடைத்திருக்கிறது. நெருப்பு வைத்தால்தான் அது போகும்."

"நெருப்பா? சாம்பலாகிவிடுவீர்களே!"

"சாம்பலுக்குக் காது கிடையாது. கரிக்கு உண்டு. கரியாகும் நேரத்தில் நிறுத்துவது உன் பொறுப்பு. ஒன்றை மட்டும் தெரிந்துகொள். கரியான பிறகு நான் கேட்பேனே தவிர, பேசமாட்டேன்."

கெசியா நெடுநேரம் அங்கேயே நின்றாள். குளிர்காலத்துக்கு வேறு விறகு இல்லை. அவள் குறைகளைக் கேட்கவும் வேறு யாரும் இல்லை. சரிவின்மேல் பார்த்தாள். ஒரே ஒரு கிளையில் மட்டும் இலைகள் மிஞ்சியிருந்தன. குடத்திலிருந்த சாராயம் முழுவதையும் அடுக்கின்மேல் கொட்டித் தீ வைத்தாள்.

நீலச் சுவாலை எழுந்ததைக் கண்டு அம்ப்ரோஸ் ஓடிவந்தான்.

"கெசியா! புத்தி கெட்டுவிட்டதா? பனியில் எதை எரிப்போம், உன் நாற்காலியையா?"

"அதையும்தான்! திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாளியை எடுங்கள்!"

அடுக்கு உள்ளே சிவந்து, விளிம்புகளில் வெளுக்கத் தொடங்கியது. "இப்போது!" என்று மேப்பிள் சொன்ன சொல்தான் அதன் கடைசிச் சொல். இருவரும் ஊற்றிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார்கள். புகை அடங்கியபோது, கரிய துண்டுகள் மெல்லிய ஓசையோடு குளிர்ந்துகொண்டிருந்தன.

கெசியா கரியைப் பயறு அளவுக்கு நொறுக்கினாள். ஆளுயர மரத்தொட்டியின் அடியில் கம்பளியை விரித்து, கழுத்துவரை கரியை இட்டு நிரப்பினாள். அம்ப்ரோஸ் ஒரு குடம் சாராயத்தை அப்படியே கவிழ்த்தான். கீழே கடகடவென்று வந்ததை நாக்கில் வைத்தவன், "இன்னும் கடிக்கிறது" என்று துப்பினான்.

"மூன்று பேர் ஒரே மூச்சில் கத்தினால் யாரால் கேட்க முடியும்? ஒவ்வொரு துளியாக விடுங்கள்."

"துளித்துளியாகவா? இலை உதிர்ந்துவிடும், கெசியா!"

"உதிரட்டும். இதில் அவசரம் செல்லாது."

தொட்டியின் மேல் சிறு துளைகளிட்ட பலகையை வைத்தாள். சாராயம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மக்காச்சோளம் தன் குறையைச் சொல்லி முடித்தது. ரை சொன்னது. பார்லியும் சொன்னது. கரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பத்து நாள் ஆயிற்று. மிஞ்சிய கிளையில் ஒற்றை இலை ஆடிக்கொண்டிருந்த காலையில் தொட்டியின் அடியில் ஒரு குவளை நிறைந்தது.

அம்ப்ரோஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தான். பிறகு கண்ணைத் திறந்தான். அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"என்ன?" என்றாள் கெசியா.

"ஒருவரும் கத்தவில்லை. மூவரும் பாடுகிறார்கள்."

கெசியா மீதியை ஊற்றின் வாயில் சாய்த்தாள். ஊற்று அதை உறிஞ்சிச் சுவைத்தது. "இப்போதுதான் இதில் என் குரல் கேட்கிறது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பழையபடி குளிர்ந்து ஓடியது.

கெசியா தொட்டியின்மேல் கைவைத்து, செய்தியைக் கரியிடம் சொன்னாள். பதில் வரவில்லை. ஆனாலும் கடைசிவரை சொன்னாள்.

அன்று முதல்தான், டென்னசிக்காரர்கள் தாம் காய்ச்சிய விஸ்கியை ஓக் மரப் பீப்பாயில் அடைப்பதற்கு முன்பு, மேப்பிள் கரியின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள்; கேட்டுக் கேட்டுக் கரி நிறைந்துபோனதும், புதிய மேப்பிள் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதே சாராயத்தை ஊற்றித் தீ வைத்து, உரிய நொடிக்காக நீரோடு காத்து நிற்கிறார்கள்.