கிளிக்குப் போட்ட மொட்டை

திருச்சி பாலக்கரையில், வசுமதி என்பவள் வீட்டு அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளிக் கிளி குடியிருந்தது. கட்டைவிரல் அளவுப் பதக்கம். வசுமதியின் சிநேகிதி பிலோமினா தன் கையாலேயே தகடு வெட்டி, இறகு இறகாகக் கீறிச் செய்தது. நகை வேலை கற்றுக்கொண்டு அவள் உருப்படியாக முடித்த முதல் சாமான் அதுதான். மூக்கு கொஞ்சம் கோணல். பரவாயில்லை, கிளி குறும்பாகவே தெரிந்தது.

அதே பெட்டியில் ஒரு தங்கச் சங்கிலியும் இருந்தது. பெரிய கடையில் மெஷினில் பிறந்தது. தன்னைப் போலவே இன்னும் நானூறு பேர் ஊருக்குள் உலாவுவது அதற்குத் தெரியாது. தெரியாதவரை பெருமைக்கு என்ன குறை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வசுமதி போனில் பேசுவது பெட்டிக்குள் கேட்டது.

"வராம இருப்பேனாடி பிலோமி? சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தானே உன் நகைக்கடை திறப்பு? உன் கிளியைத்தான் போட்டுக்கிட்டு வரப்போறேன். இதுதான் நான் முதமுதல்ல செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் காட்டு."

கிளிக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் பெற்றவளின் கடைத் திறப்பு! அங்கே நாமே முன்னால் நிற்கப்போகிறோம்!

"இப்படியேவா போகப்போகிறாய்?" என்றது சங்கிலி.

"ஏன், எனக்கு என்ன?"

"இறகு இடுக்கெல்லாம் கரி. கண்ணில் வேறு மை அப்பிக் கிடக்கிறது. என் மேல் தேடினாலும் ஒரு பொட்டுக் கறுப்புக் கிடைக்குமா?"

கிளி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டது. அதுவரை அந்தக் கறுப்பை அது ஒரு குறையாக நினைத்ததே இல்லை. யாராவது சொல்லிவிட்டால் போதாதா? அப்புறம் அதைத் தவிர வேறு எதுவுமே கண்ணில் படவில்லை.

சமையலறை மேடையில் அன்று நகைகளுக்குக் குளியல். சங்கிலி பூந்திக்கொட்டை நுரையில் சொகுசாகக் குளித்து எழுந்தது. காமாட்சி விளக்கையும் குங்குமச் சிமிழையும் வசுமதி திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள். வெள்ளி என்றால் திருநீறு, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். விளக்கு தேய்த்த அதே கையோடு கிளியை எடுத்தாள்.

தேய்க்கிற பிரஷ் ஒரு காலத்தில் பல் தேய்க்கும் உத்தியோகத்தில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலை கிடைத்ததில் அதற்கு ஏகப்பட்ட உற்சாகம்.

"பிரஷ் அண்ணா, இந்தக் கறுப்பை ஒட்ட எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சியது கிளி. "நான் இன்றைக்கு முக்கியமான இடத்துக்குப் போகவேண்டும்."

"கவலையே படாதே. கறுப்பு என்று ஒன்று என் கண்ணில் பட்டால் விட்டதாகச் சரித்திரமே கிடையாது."

வசுமதியின் கண் டிவியில் இருந்தது. கை அவளுடையது, வேகம் பிரஷ்ஷுடையது. கழுத்தைத் தேய்த்தது, இறக்கையைத் தேய்த்தது, கண்ணையும் விடவில்லை. கழுவி எடுத்தபோது கிளி வெள்ளை வெளேரென்று மின்னியது.

"எப்படி இருக்கிறேன்?" என்று ஆவலாகக் கேட்டது கிளி.

சங்கிலி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு, "யார் பேசுவது?" என்றது.

கிளி எவர்சில்வர் தட்டில் முகம் பார்த்தது. இறகு இல்லை. கண் இல்லை. ஒரு வெள்ளை மாங்கொட்டை அதைத் திரும்பப் பார்த்தது. கிளிக்கு அழுகை வந்தது. அழக்கூடக் கண் இல்லை, பாவம்.

வசுமதி கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆசையாகச் செய்துகொடுத்தவளிடம் எந்த முகத்தோடு போவது? தயங்கித் தயங்கிப் போன் போட்டாள்.

"பிலோமி, திட்டாதே. கிளியைத் திருநீறு போட்டுத் தேய்ச்சேன். அழுக்கோட சேர்ந்து கண்ணும் போயிடுச்சு."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அடிப்பாவி! கிளிக்கு மொட்டையே போட்டுட்டியா? அது அழுக்கு இல்லடி. நான்தான் வேணும்னே கறுக்க வச்சு, மேல மட்டும் துடைச்சு எடுத்தேன். பள்ளத்துல கறுப்பு நின்னாத்தானே மேட்டுல இறகு தெரியும்? சரி, வீட்ல வேகவச்ச முட்டை இருக்கா?"

"ஏன், உனக்குப் பசிக்குதா?"

"எனக்கு இல்ல, கிளிக்கு! முட்டையை ரெண்டா வெட்டி டப்பால போடு. கிளி அது மேல படாம பக்கத்துல வச்சு, இறுக்கி மூடிடு. நல்லாக் கறுத்ததும் எடுத்து, மெத்துனு ஒரு துணியால மேலாப்புல துடை. அந்த பிரஷ்ஷை மட்டும் கிட்டயே சேர்க்காதே."

பிரஷ்ஷின் நாரெல்லாம் சுருங்கியது.

டப்பாவுக்குள் இருட்டு. முட்டையின் வாடை மூக்கைத் துளைத்தது.

"என்னை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றது கிளி.

"கறுக்க வைக்கப்போகிறேன்" என்றது முட்டை. "வெள்ளிப் பாத்திரம் எல்லாம் என்னைக் கண்டாலே ஓடும். என் குணம் அப்படி."

"ஐயோ, மறுபடியும் கறுப்பா?"

"கண் வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும்."

"அப்படியானால் மூச்சை இழு."

கிளி கண் இல்லாத முகத்தைச் சுளித்துக்கொண்டு மூச்சை இழுத்தது.

பத்து மணிக்குப் பசியோடு வந்த வசுமதியின் கணவன் தண்டபாணி, டப்பாவைத் திறந்து பார்த்துத் திகைத்துப்போனான்.

"என்னம்மா இது, உன் கிளி என் முட்டையை அடைகாக்குதா?"

"மூடுங்க, மூடுங்க! உங்களுக்கு தோசை ஊத்தித் தர்றேன்."

மதியம் கிளி அடுப்புக்கரி நிறத்தில் வெளியே வந்தது. சங்கிலி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வசுமதி பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தாள். மேடெல்லாம் வெளுத்தது, பள்ளமெல்லாம் கறுப்பாகவே நின்றது. ஒவ்வொரு இறகாகத் திரும்பி வந்தது. கடைசியில் கண்ணும் வந்தது. கிளி முதலில் பார்த்தது பிலோமினா கீறிய தன் இறக்கையைத்தான். இத்தனை அழகை வைத்துக்கொண்டா அழுதோம் என்று அதற்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வசுமதி சங்கிலியையும் கிளியையும் சேர்த்தே போட்டுக்கொண்டு போனாள். வந்தவர்களெல்லாம் சங்கிலியைத் தாண்டிக் கிளியிடம் குனிந்தார்கள்.

"என்னையே பாக்குற மாதிரி இருக்குங்க!" என்றாள் ஒரு பெண். பிலோமினாவுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல்.

கூட்டம் குறைந்ததும் சங்கிலி கிளியின் காதோரம் கிசுகிசுத்தது. "அந்த முட்டையிடம் சொல்லி எனக்கும் ஒரு பொட்டு வாங்கித் தருவாயா?"

பிரஷ் இன்னமும் அந்த வீட்டில்தான் வேலை பார்க்கிறது. சுறுசுறுப்பு துளியும் குறையவில்லை. ஆனால் யார் மேலாவது ஒரு கறுப்பைக் கண்டால், இப்போதெல்லாம் அது உடனே பாய்வதில்லை. கொஞ்சம் நின்று மரியாதையாகக் கேட்கிறது:

"தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இது அழுக்கா, இல்லை நீங்களா?"